பால்காய்ப்புக்கு ஒரு மூலிகைப் படம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் தக்கலை பக்கம் சொந்தக்காரரின் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு ஒரு படம் கொடுத்தேன். அது இப்போது அவர்கள் வீட்டு ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தப்பு நான் தேர்ந்தெடுத்த படத்தில்தான்.

அது லாவெண்டர் செடியின் படம். ஜெர்மனியில் 1887ஆம் ஆண்டு முதல் வெளிவந்த கோலரின் மருத்துவத் தாவரத் தொகுப்பில் உள்ளது. கல்லச்சில் பல வண்ணம் ஏற்றி அச்சடித்த அந்தப் படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வேர், தண்டு, பூ, விதை, பூவை நெடுக்குவாட்டில் அறுத்த தோற்றம் என்று எல்லாம் ஒரே தாளில் இருக்கும். ஊதாப் பூவும் வெள்ளைச் சுவரும் நன்றாகப் பொருந்தும் என்று நினைத்துக் கொடுத்தேன். வீட்டுப் பெரியவர் கையில் வாங்கிப் பார்த்து, "இது என்ன செடி மக்களே?" என்று கேட்டார். சொன்னேன். "நம்ம ஊருல உண்டா?" என்றார். இல்லை என்றேன். சரி என்று சுவரோரம் சாய்த்து வைத்தார். அதற்கப்புறம் அந்தப் படத்தைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

கடிகாரம், குத்துவிளக்கு, டின்னர் செட் என்றே கொடுத்துக்கொண்டிருக்கும் நம் பக்கத்தில், பழைய மூலிகைப் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுப்பது நல்ல யோசனை என்று இன்றைக்கும் நம்புகிறேன். இதுவரை பதினேழு படம் கொடுத்துவிட்டேன். ஆனால் படத்தில் இருக்கும் செடியை வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் மிதித்த, பறித்த, அரைத்த, அம்மை சொல்லிக் கேட்ட செடியாக இருக்க வேண்டும். இது எனக்குப் புரிந்தது இரண்டாவது படத்தில்.

இரண்டாவது படம் என் பெரியம்மைக்கு. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் மலையாளமும் சேர்த்துப் படித்தவர். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. அதற்கு முன்னால் படித்தவர்களில் பலருக்கு இரண்டு எழுத்தும் வரும். அவருக்காக நான் எடுத்தது ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ முதல் தொகுதியில் உள்ள கொன்றை.

இந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொச்சியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு முன்னின்று தொகுக்க வைத்தது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், எல்லாம் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்தவை. செடிகளைப் பற்றிய அறிவைக் கொடுத்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள். சேர்த்தலைப் பக்கம் கரைப்புறத்தைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும். தன் வீட்டு ஓலைச்சுவடியில் இருந்ததையும் தன் அனுபவத்தில் அறிந்ததையும் சொன்னதாக இட்டி அச்சுதன் கொடுத்த சாட்சியம் 1675 ஏப்ரல் 20 தேதியிட்டு முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. மலையாள எழுத்து அச்சேறியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இந்தப் புத்தகமும் ஒன்று. படங்களில் செடியின் பேரை லத்தீன் எழுத்தோடு மலையாளத்திலும் அரபு எழுத்திலும் செதுக்கியிருப்பார்கள். பிற்காலத்தில் லின்னேயஸ் 1753இல் செடிகளுக்கு அறிவியல் பேர் வைத்தபோது, நேரில் பார்க்காத பல மலபார்ச் செடிகளுக்கு இந்தப் படங்களைத்தான் ஆதாரமாகக் காட்டினார்.

குளச்சலில் 1741இல் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா தோற்கடித்த கதை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருப்பதும் தெரியும். அந்தப் போருக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால் அதே கம்பெனியின் ஆள் ஒருவர் நம் கொன்றையையும் நெல்லியையும் இஞ்சியையும் இவ்வளவு அக்கறையாக வரைய வைத்தார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் இந்தக் கதையை ஒரு தாளில் எழுதி ஒட்டுகிறேன்.

பெரியம்மையிடம் படத்தைக் கொடுத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதலில் சரம் சரமாகத் தொங்கும் பூவைப் பார்த்தார். அப்புறம் நீளக் காயை விரலால் மேலிருந்து கீழே தடவினார். எழுத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. "கொன்ன" என்றார். இரண்டாவது முறை சத்தமாக, "கொன்ன! கனி காணுத கொன்ன!" சித்திரை விஷுவுக்குக் கனி வைக்கிற தட்டில் வெள்ளரியோடும் பலாவோடும் அந்தப் பூ இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வருஷமும் விடிந்ததில்லை. காய்க்குள் இருக்கும் கறுத்த சதையை வயிற்றுக்கட்டுக்கு அவருடைய அப்பா எப்படி எடுத்துப் பதப்படுத்துவார் என்று அரை மணி நேரம் பேசினார். எனக்குத் தெரியாத தாத்தா ஒருவரை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் படம் கறுப்பு வெள்ளைதான். கம்ப்யூட்டரில் மஞ்சள் ஏற்றித் தருகிறேன், பார்க்க எடுப்பாக இருக்கும் என்று அச்சகத்துத் தம்பி சொன்னான். நான் சம்மதிக்கவில்லை. செதுக்கியவன் நிழலைக்கூடக் கோட்டாலேயே காட்டியிருக்கிறான். இலையின் அடிப்பக்கம் எங்கே திரும்புகிறதோ அங்கே கோடு நெருங்கும். மஞ்சளை ஏற்றினால் அந்த வேலை அடியில் போய்விடும். வண்ணம் வேண்டுமென்றால் வண்ணத்தில் வந்த படத்தைத் தேட வேண்டும், இல்லாததற்கு ஏற்றக் கூடாது.

இனி, பணம் போன கதை. வர்ம ஆசானாக இருக்கும் என் மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அச்சுப்பிரதி வேண்டாம், அசலே கொடுக்கலாம் என்று தோன்றியது. இணையத்தில் ஒரு விற்பனையாளர் ‘17ஆம் நூற்றாண்டு அசல் தாள்’ என்று போட்டிருந்தார். 4,500 ரூபாய் கட்டினேன். வந்த தாள் பழுப்பாக, ஓரம் கிழிந்து, பார்க்கப் பழசாகத்தான் இருந்தது. சந்தேகம் வந்தது வாசனையில்தான். லேசாகத் தேயிலை வாசம். வாட்ச் ரிப்பேர் கடைக்காரரிடம் அவர் கண்ணில் வைக்கும் லென்ஸை வாங்கிப் பார்த்தேன். கறுப்புக் கோடு என்று நினைத்தது முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பொடிப்பொடிப் புள்ளி. இப்போதைய பிரின்டரில் அடித்துத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்திருக்கிறார்கள். பணம் திரும்ப வரவில்லை.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். செப்புத் தகட்டு அச்சில் கோடு விட்டுப்போகாமல் ஓடும், புள்ளியாக உடையாது. தகட்டை ஈரத்தாளில் வைத்து உருளையில் கொடுத்து அழுத்துவதால் படத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். மை தாளுக்கு மேலே மிக லேசாக மேடு கட்டி நிற்கும். அந்தக் காலத்துக் கைத்தாளை வெயிலுக்கு நேரே பிடித்தால் கம்பிச் சல்லடையின் கோடு வரிவரியாகத் தெரியும். பழைய தாளில் வரும் பழுப்புப் புள்ளி அங்கங்கே தன் இஷ்டத்துக்கு இருக்கும். தேயிலைக் கறை ஓரத்தில் குளம் கட்டி நிற்கும். கல்லச்சுப் படத்தில் தகட்டுப் பள்ளம் இருக்காது, வண்ணப் புள்ளிகளும் ஒழுங்கில்லாமல் மணல் தூவியதுபோல் இருக்கும். அதனால் பள்ளம் இல்லை என்பதை மட்டும் வைத்து 19ஆம் நூற்றாண்டுப் படத்தைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆனால் அசல் தேடுவதையே நான் விட்டுவிட்டேன். ஏமாந்ததனால் மட்டும் இல்லை. தனித்தாளாக ஒரு அசல் விற்பனைக்கு வருகிறது என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் முழுப் புத்தகத்தைப் பிரித்துத் தாள் தாளாக விற்கிறார் என்று அர்த்தம். முந்நூறு வருஷம் பிழைத்துக் கிடந்த புத்தகத்தைப் பிரிக்கிற காரியத்துக்கு என் காசு போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அசல் இல்லாமலே நல்ல படம் கிடைக்கும். உலகத் தாவரவியல் நூலகங்கள் சேர்ந்து நடத்தும் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி இணையதளத்தில் இந்தப் பழைய புத்தகங்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இலவசமாக வைக்கப்பட்டிருக்கின்றன. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது வருஷம் கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். அதனால் இந்த நூற்றாண்டுகளின் படங்களைத் தாராளமாக அச்சடிக்கலாம். சமீபத்தில் ஒருவர் வரைந்த மூலிகைப் படத்தை அப்படி எடுக்கக் கூடாது. அது அவருடைய பிழைப்பு.

படத்தை இணையத்திலிருந்து இறக்கும்போது கவனிக்க வேண்டியது அளவு. ஏ3 தாளில் தெளிவாக வர வேண்டுமென்றால் சுமார் 3,500க்கு 5,000 பிக்சல் வேண்டும். போனில் பளிச்சென்று தெரிகிற படம் தாளில் வந்ததும் கலங்கிப்போகும், செப்புத் தகட்டுப் படத்தில் அது உடனே தெரியும், கோடெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஹோர்த்துஸ் படங்கள் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரிந்தவை. நடுவில் மடிப்பு இருக்கும். அந்த மடிப்பின் நிழல் சில ஸ்கேன்களில் தண்டின் மேலேயே விழுந்திருக்கும். ஒரே புத்தகத்துக்கு இரண்டு மூன்று நூலகப் பிரதிகள் கிடைத்தால் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள், ஒன்றில் நன்றாக இருக்கும். மடிப்புக் கோடு லேசாகத் தெரிந்தால் நான் அழிப்பதில்லை. தாளின் பழுப்பையும் வெளுக்க வைப்பதில்லை.

முதல் பிரதியைப் பளபளப்பான போட்டோத் தாளில் அடித்துவிட்டேன். டியூப்லைட்டுக்கு எதிரே மாட்டியதும் படம் தெரியவில்லை, விளக்குதான் தெரிந்தது. பளபளப்பில்லாத, 250 ஜிஎஸ்எம் அளவுக்குத் தடிமனான தாள்தான் இதற்குச் சரி. பிக்மென்ட் மை இருக்கும் பிரின்டரா என்று கேட்டு அடியுங்கள், சாதாரண மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும்.

சட்டம் போடுவதில்தான் நம் ஊருக்கென்று தனிப் பாடம் இருக்கிறது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, துலா மழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனியிலும் சுவர் வேர்க்கும், ஐப்பசியிலும் வேர்க்கும். வெளியூரில் பத்து வருஷம் தாங்குகிற படம் இங்கே இரண்டே மழையில் பூசணம் பிடித்துவிடும். நாகர்கோவிலில் நான் போகும் கண்ணாடிக் கடை அண்ணன் இதை எனக்குக் கண்ணால் காட்டினார். ரிப்பேருக்கு வந்த ஒரு பழைய போட்டோவைப் பிரித்தார். போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, முகத்தின் பாதி கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. "இடையில காத்து இல்ல பாத்தியளா" என்றார்.

அதனால் கண்ணாடியும் படமும் தொடவே கூடாது. நடுவில் மவுண்ட் போர்டு வைத்து ஜன்னல் மாதிரி வெட்ட வேண்டும். மூன்று பக்கமும் இரண்டு அங்குலம் விட்டால் கீழே இரண்டரை விடுங்கள், இல்லையென்றால் படம் கீழே இறங்கி நிற்கிற மாதிரி தெரியும். மவுண்ட் அமிலம் இல்லாததாக இருக்கட்டும். மலிவான அட்டை சில வருஷத்தில் வெட்டிய ஓரத்திலிருந்து பழுத்து, அந்தக் கறை படத்துக்கும் ஏறும். படத்தை மவுண்டோடு பசை போட்டு முழுக்க ஒட்டச் சொல்லாதீர்கள். மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் காகித டேப்பால் தொங்கவிட்டால் போதும், ஈரத்தில் தாள் விரிந்து சுருங்க இடம் இருக்கும். மைதாப் பசை கூடவே கூடாது, ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பின்னால் ஹார்ட்போர்டு வைக்கும்போது நடுவில் ஒரு அமிலமில்லாத தாள், சுற்றிலும் டேப் போட்டு இடுக்கை அடைக்க வேண்டும். கடைசியாக, சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டச் சொல்லுங்கள். அது படத்தைச் சுவரிலிருந்து விரல் கனம் தள்ளி நிறுத்தும், பின்னால் காற்றோடும். மழை நேரே அடிக்கிற வெளிச்சுவரின் உள்பக்கத்தில் மாட்ட வேண்டாம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்.

தாள், அச்சு, சட்டம் எல்லாம் சேர்த்து எனக்கு ஏ3 படம் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிறது. மவுண்டில் மிச்சம் பிடித்தால் நூறு ரூபாய் குறையும், அந்த நூறில்தான் படத்தின் ஆயுள் இருக்கிறது.

பேர் எழுதுவதில் நான் ரொம்பக் கவனம். கீழே சின்ன எழுத்தில் நம் ஊர்ப் பேர், பொதுத் தமிழ்ப் பேர், தாவரவியல் பேர், புத்தகம், ஆண்டு. தாவரவியல் பேரைப் பழைய புத்தகத்திலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது. பல பேர் மாறிவிட்டன. கீழாநெல்லிக்குப் பழைய நூல்களில் பில்லாந்தஸ் நிரூரி என்றே இருக்கும். நிரூரி அமெரிக்கச் செடி. நம் முற்றத்தில் முளைப்பது பில்லாந்தஸ் அமாரஸ். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்காமல் நான் எதையும் எழுதுவதில்லை.

எந்த நோய்க்கு எந்தச் செடி என்று மட்டும் எழுதவே மாட்டேன். ஆரம்பத்தில் எழுதலாமா என்று யோசித்ததுண்டு, பரிசு பயனுள்ளதாக இருக்கும் என்று. மாமாதான் தடுத்தார். அவருக்குக் கடைசியில் நான் கொடுத்தது செங்காந்தள். ஹோர்த்துஸ் ஏழாம் தொகுதியில் ‘மெந்தோனி’ என்ற பேரில் இருக்கிறது, நம் பக்கத்தில் மேந்தோன்னி என்று சொன்னால் இன்றைக்கும் புரியும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. சுருண்ட இலை நுனி பக்கத்துக் கொம்பைப் பற்றி ஏறுவதை அந்தப் படத்தில் பார்க்க வேண்டும். மாமா வைத்தியம் பார்க்கும் அறையில் மாட்டிய முதல் வாரமே, மூட்டுவலிக்கு வந்த ஒருவர், "இந்தக் கிழங்கு எங்க வீட்டு வேலியில நிக்குது ஆசானே, அரைச்சுக் குடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அதில் இருக்கும் கோல்சிசின் அளவு பார்த்து மாத்திரையாக வந்தால் கௌட் வாதத்துக்கு மருந்து, கிழங்கை அப்படியே தின்றால் உயிரைக் கொல்லும். மாமா எனக்குப் போன் போட்டார். அன்று சாயங்காலமே போய், பேருக்குக் கீழே சிவப்பில் ‘நஞ்சு’ என்று எழுதிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் எருக்கு, ஊமத்தை, அரளி எந்தப் படமாக இருந்தாலும் அந்த ஒரு சொல் இல்லாமல் வெளியே போகாது.

படம் வரைகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க நான் வேறு புத்தகம் வைத்திருக்கிறேன். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட ஆறு தொகுதிகள், இரண்டாயிரத்துக்கும் மேல் படங்கள். அவற்றுக்காகச் செடிகளை வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பேரை வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். என் தம்பி மகள் அறையில் ஒன்று மாட்டியிருக்கிறேன். ஓவியர் பேரைத்தான் பெரிதாக எழுதினேன்.

அடுத்த மாதம் முட்டத்தில் என் கூட்டுக்காரி பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். கடற்கரைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். உப்புக்காற்றில் இரும்புக் கொக்கி ஒரு வருஷம் தாங்காது என்பதால் பித்தளைக் கொக்கியும் நைலான் கயிறும் சொல்லிவிட்டேன். படம், பதினோராம் தொகுதியில் உள்ள சொவன்ன அடம்பு. கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அடம்புக் கொடிதான், சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்து அடும்பு என்று வருவது. மீன்காரர்கள் கடுப்புக்கு அதன் இலையை வாட்டிப் போடுவதை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள்.

போன ஞாயிற்றுக்கிழமை அச்சடித்த தாளைக் குழாயில் சுருட்டிக்கொண்டு முட்டம் கடற்கரைக்குப் போனேன். பூ வாடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே போய்விட்டேன். மணலில் தாளை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்து, பக்கத்தில் ஒரு இலையைப் பறித்து வைத்தேன். நுனியில் ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்திருக்கும் அந்த இலை, படத்தில் இருந்த இலையைவிட ஒரு விரல் பெரிது. நரம்பு ஓடுகிற விதம் அப்படியே இருந்தது. வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அடம்புல்லா இது" என்றார். பேர் எழுதும் இடத்தில் ‘அடம்பு, முட்டம்’ என்றே எழுதக் கொடுத்திருக்கிறேன்.